அறுபது கிலோவுக்கான அளவு

பாஹிம் திங்கட்கிழமை கட்டாருக்குத் திரும்பிப் போகக் கூடாது. அதற்கு இருந்த ஒரே வழி, வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் ஒழுங்காக டாக்கோ செய்து காட்டுவது. இவ்வளவுதான் விஷயம். இந்தச் சின்ன விஷயத்துக்காக இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

பாஹிம் என் புருஷன். ஒன்பது வருஷமாக தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலில், மெக்சிக்கோக்காரரின் சாப்பாடு செய்கிற குசினியில் வேலை. டாக்கோ என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தேசிப்புளியில், அதாவது எலுமிச்சைச் சாற்றில், ஊறவைத்த மாட்டிறைச்சியை நெருப்பில் சுட்டு, மெல்லிசாக அரிந்து, உள்ளங்கை அளவு ரொட்டியில் வைத்து, வெங்காயமும் மல்லி இலையும் தூவி, மடித்துத் தின்பது. ஒன்பது வருஷமும் அந்த மனிசன் எனக்கு அனுப்பியதெல்லாம் இதன் படங்கள்தான். வெள்ளைத் தட்டு, சிவந்த இறைச்சி, பக்கத்தில் பாதித் தேசிக்காய். கீழே 'இண்டைக்குச் செஞ்சது' என்று ஒரு வரி.

நானும் மகள் றுமானாவும் சோற்றையும் பருப்பையும் சூடை மீனையும் முன்னால் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்ப்போம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன், "நீங்க அங்க ஒவ்வொரு நாளும் இதைத்தான் திங்கிறீங்களா?" என்று. பதிலுக்குச் சிரிக்கிற முகம் ஒன்று வந்தது. அன்றைக்குப் பிடித்த எரிச்சல் எனக்கு இன்னும் விட்டபாடில்லை.

இந்த முறை லீவில் வந்தவரை நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிற பாக்கியரத்தினம் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். வெள்ளைக்காரர் டாக்கோ கேட்கிறார்களாம், செய்ய ஆளில்லையாம். ஒருதரம் செய்து காட்டினால், சரியென்றால், வேலை நிரந்தரம். பாக்கியரத்தினம் மாடு சாப்பிடுகிறவர் இல்லை. ஆனபடியால் ருசி பார்க்கத் தன் மனேஜர் றுமைஸைக் கூட்டி வருவதாகச் சொன்னார். றுமைஸ் வெளிநாட்டு ஹோட்டல்களில் நின்று எல்லாம் தின்று பார்த்தவராம்.

"அவர் சரியெண்டு சொன்னா நான் போகத் தேவையில்ல" என்றார் பாஹிம். பாஸ்போட்டும் டிக்கட்டும் அலுமாரிக்கு மேலே கிடந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. அன்றைக்கு நாடு முழுக்க இறைச்சிக் கடை பூட்டு. வியாழக்கிழமை வாங்கினால்தான் உண்டு, பிழைத்துப்போனால் இன்னொருதரம் வாங்க வழியில்லை. அதனால் இவரைத் தனியே அனுப்பப் பயந்து நானும் சந்தைக்குப் போனேன். போனது நல்லதாய்ப் போயிற்று.

"ஜெமீல் நானா, வயித்துப் பக்கத்துச் சதை, தட்டையா, முழுசா ஒரு துண்டு..." என்று பாஹிம் கையை விரித்துக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறைச்சிக் கடை ஜெமீல் நானா "ஓம் ஓம்" என்று தலையாட்டினார். தலை ஆடி முடிவதற்குள் கத்தி நாலுதரம் விழுந்துவிட்டது. சதை கறித்துண்டாகிப் பலகையில் கிடந்தது.

"நானா! முழுசா வேணும் எண்டெல்லா சொன்னன்!"

"முழுசாத்தானே போட்டிருக்கன், ஒண்டும் குறையல்ல. நிறுத்துப் பாக்கிறியா?"

"கறிக்கில்ல நானா. சுடுறதுக்கு."

"சுடுறதெண்டாலும் துண்டு போடாம என்னெண்டு திங்கிற?" ஜெமீல் நானாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கை கறித்துண்டு மட்டுமே வெட்டி வந்திருக்கிறது.

மாட்டின் மற்றப் பக்கத்துச் சதை கொளுக்கியில் தொங்கியது. கடையில் அதுதான் கடைசி. பாஹிம் மறுபடியும் கையை விரித்து விளக்கத் தொடங்கினார், ஜெமீல் நானாவின் கத்தியும் மறுபடியும் எழும்பிற்று. எனக்கு வந்ததே கோபம்!

"நானா, முதல்ல கத்தியைக் கீழ வைங்க. வச்சிட்டுக் கதைங்க" என்றேன்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவர் கத்தியை வைத்தார். நான் என் கையாலேயே சதையைக் கழற்றித் தராசில் போட்டேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

"முழுசாக் குடுத்தனெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதங்க புள்ள, என்ர பேர் கெட்டுப்போகும்" என்றார் ஜெமீல் நானா.

இறைச்சியைக் காப்பாற்றி வந்தோம், மல்லி இலையைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறுகிற ஒழுங்கையில். வாசலில் சைக்கிளை நிறுத்தி, மரக்கறிப் பையை ஹாண்டிலில் கொழுவிவிட்டு, இந்த மனிசன் இறைச்சியை மட்டும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே போய்ப் பார்த்தால், எங்கள் ஊர் ரோட்டில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று பைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறது. தக்காளியைத் தொடவில்லை. வெங்காயத்தைத் தொடவில்லை. மல்லி இலையில் ஒரு காம்பு மிச்சமில்லை.

"பையை உள்ளுக்குக் கொண்டு வர ஏலாதா உங்களுக்கு? ஒன்பது வருஷத்தில மானையும் மறந்து போச்சா?"

"தோஹாவில மான் இல்லையே" என்றார். பதிலைப் பாருங்கள்! பிறகு நான்தான் பக்கத்து வீட்டு பஸ்மியாவின் பூச்சாடியில் வளர்ந்த மல்லியை, அவள் முகம் சுருங்குவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, ஒரு பிடி பறித்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊறவைக்கிற வேலை தொடங்கியது. இறைச்சியைப் பலகையில் விரித்து, கொழுப்பை அவர் வழித்தெடுத்த விதத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கை தடுமாறவில்லை. தேசிக்காய்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எத்தினை தேசிக்காய் பிழியட்டும்?"

அவர் யோசித்தார். "முன்னூறு."

"என்ன?"

"அறுபது கிலோவுக்கு முன்னூறு. தோடம்பழம் எழுபத்தஞ்சு. உள்ளி ரெண்டு கிலோ. நற்சீரகம் ஒரு பெரிய டின். அப்பிடித்தான் எனக்கு அளவு தெரியும், ஸல்ஹா."

"இஞ்ச கிடக்கிறது ஒரு கிலோ!"

"அதானே பிரச்சினை" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

கையில் இருந்த அகப்பை அவர் தலையில் விழாமல் போனது அந்த மனிசனின் அதிர்ஷ்டம். றுமானாவின் கணக்குக் கொப்பியை எடுத்து, அறுபதால் பிரித்து, ஐந்து தேசிக்காய், ஒன்றேகால் தோடம்பழம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் பிழிந்தேன். கால் தோடம்பழத்தை எப்படிப் பிழிவது என்று அவளுக்கும் அவள் வாப்பாவுக்கும் ஒரு வாக்குவாதம். மிச்சம் முக்காலை நான் வாயில் போட்டு வாக்குவாதத்தை முடித்தேன்.

எல்லாம் கலந்ததும் நான் விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். பிறகு தானே வெட்கப்பட்டு விட்டுவிட்டார். அவர் கோப்பையின் மேல் குனிந்து, கண்ணை மூடி, மூக்கை வைத்து மணந்து பார்த்தார். "உப்புக் காணாது" என்றார். ஒரு சிட்டிகை போட்டு, கிளறி, மறுபடி மணந்தார். "இப்ப சரி."

"மணந்து பாத்தா உப்புத் தெரியுமா? ருசி பாக்காம என்ன சமையல் இது?"

"தேவையில்ல" என்றார்.

நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. புளிதான் கொஞ்சம் தூக்கலாகப் பட்டது. ஒன்பது வருஷம் செய்த ஆளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் ஜும்ஆவுக்குப் போய் வரும் வரைக்கும் இறைச்சி ஊறியது.

சோள மாவில் அவர் தட்டிய ரொட்டி மூன்றுதரம் உடைந்தது. நான் அவரைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுக் கோதம்பு மாவில் இருபது ரொட்டி சுட்டு அடுக்கினேன். அதற்கும் அவர் "அங்கயும் ரொட்டி வேற ஆள்தான் போடுற" என்று ஏதோ முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருக்க வேண்டும்.

மூன்றரை மணிக்குப் பின்வளவில் சிரட்டைக்கரி மூட்டி, மீன் சுடுகிற கம்பித்தட்டை வைத்தேன். இறைச்சியை இரண்டாக வெட்டி, முதல் பாதியை ஒத்திகைக்குச் சுட்டுப் பார்ப்பதாகத் திட்டம். பாஹிம் அதைத் தட்டில் போட்டார். போட்டுவிட்டு நின்றார். இடுக்கியால் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், விட்டார். மறுபடி தூக்கினார், விட்டார். பிறகு, யாரோ வந்து சொல்லப்போகிறார்கள் என்பது போல வாசல் பக்கம் பார்த்தார். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பியது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"பிரட்டுங்க!"

"இப்பவா?"

"இப்பவா எண்டு என்னையா கேக்கிறீங்க?"

பிரட்டும்போது ஒரு பக்கம் கருகியிருந்தது. அடுத்த பக்கமும் கருகட்டும் என்று விட்ட மாதிரி விட்டார். எடுத்து அரிந்தால் வெளியே கரி, உள்ளே இரத்தம். நான் இடுக்கியைப் பிடுங்கினேன்.

"ஒன்பது வருஷமா இதையா செஞ்சீங்க?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஊற வைக்கிற பக்கம், ஸல்ஹா. பின்பக்கத்துக் குளிர் அறை. இறைச்சி வரும், வழிப்பன், ஊறப்போடுவன், டப்பாவில அடைச்சுத் தள்ளிவிடுவன். நெருப்பு முன்பக்கம். அது வேற ஆக்கள். அங்க எனக்குப் போகேலாது."

"படம் அனுப்பினீங்களே? இண்டைக்குச் செஞ்சதெண்டு?"

"செஞ்சனான்தானே. என்ர பங்கை."

மணி நாலு. நாலரைக்கு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு நாளும் இல்லாத ஆத்திரம் அப்போது வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு பங்குக்காரன் முழு வேலைக்கும் எப்படி ஒத்துக்கொண்டான்? அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "இஞ்ச நிக்க வேணும் போல இருந்தது. பாத்துச் செய்யலாம் எண்டு நினைச்சன்" என்று மட்டும் சொன்னார். அதுக்கு மேலே எப்படி ஏசுவது? எனக்கும் அவர் இங்கேதான் நிற்க வேண்டும்.

நான் கிண்ணியாக்காரி, மீன்பிடிக்கிறவரின் மகள். நெருப்பு எனக்குத் தெரியும். கரியைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையை மேலே பிடித்து மூன்று எண்ணிப் பார்த்தேன். மிச்சமிருந்த பாதியைப் போட்டேன். ஓரம் நிறம் மாறியதும் பிரட்டினேன். விரலால் அழுத்தி, கெண்டை மீனில்லை இது, கொஞ்சம் துள்ளல் இருக்கட்டும் என்று எடுத்தேன். அவர் வாங்கிப் பலகையில் வைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்தார். அந்த அரிதல் மட்டும் சுத்தமான வேலை.

நாலரைக்குப் பாக்கியரத்தினம் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. தனியே வந்தார்.

"றுமைஸுக்குக் காய்ச்சல் தம்பி, எழும்பேலாமல் கிடக்கிறான். நான் மாடு தொடுறதில்லை, வெள்ளிக்கிழமை வேறை. பரவாயில்லை, நீங்கள் வையுங்கோ, பாப்பம்."

கதிரையில் இருத்தி, ஆறு டாக்கோக்களை வெள்ளைத் தட்டில் அடுக்கி வைத்தோம். படத்தில் இருந்த மாதிரியே இருந்தது, பாதித் தேசிக்காய் உட்பட. அவர் தட்டைச் சுற்றிப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். "வடிவா இருக்கு தங்கச்சி" என்று எனக்குச் சொன்னார். பிறகு பாஹிமைப் பார்த்து நிமிர்ந்து இருந்தார்.

"எனக்கு ருசி பாக்கேலாது. ஆனபடியால் உங்களைத்தான் கேக்கிறன். அங்கை குடுத்த அதே ருசிதானே இது?"

ஒரு சொல். ஓம் என்று ஒரேயொரு சொல். எதிரே இருக்கிறவர் மாடு தொடாதவர், மனேஜர் காய்ச்சலில், பொய்யென்று பிடிக்க இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நான் குசினி வாசலில் நின்று அல்லாஹ்வை அழைக்கவில்லை, பொய்க்கு அவனை அழைக்க முடியாது. பாஹிமின் வாயைத்தான் பார்த்தேன். சொல்லு மனிசா, சொல்லு.

"தெரியாது அண்ணன்" என்றார் பாஹிம். "நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்ல."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்பது வருஷத்திலையோ?" என்றார் பாக்கியரத்தினம்.

"எங்களுக்கு வாயில வைக்கேலாது. மேல கெமரா இருக்கு. ஒரு விரல் நாக்கில பட்டாலும் அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க. எங்கட சாப்பாடு வேலையாக்கள் தங்குற காம்பில, சோறும் பருப்பும்."

 பாக்கியரத்தினம் தட்டைப் பாஹிம் பக்கம் தள்ளினார். "அப்ப இப்பவாவது சாப்பிடுங்கோ."

பாஹிம் ஒன்றை எடுத்தார். மடித்துப் பிடித்தார். என்ன கொடுமை பாருங்கள், தன் சொந்த வீட்டில், வாயில் வைக்குமுன் மேலே கூரையைப் பார்த்தார். பிறகு கடித்தார். மெதுவாகச் சப்பினார். நானும் றுமானாவும் பாக்கியரத்தினமும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தேசிப்புளி கூடிப்போச்சு" என்றார். விழுங்கிவிட்டு மறுபடி சொன்னார், "அப்ப ஒன்பது வருஷமாக் கூடத்தான் போட்டிருக்கன். ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல."

பாக்கியரத்தினம் நல்ல மனிசன். சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னார், "கோவிக்காதேங்கோ தம்பி. எனக்கும் ருசி தெரியாது, உங்களுக்கும் தெரியாதெண்டால் வெள்ளைக்காரனுக்கு ஆர் பதில் சொல்லுறது? தெரிஞ்ச ஆள் ஒராள் எனக்கு வேணும்."

"சுட்டது நான்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? எனக்கும்தான் தெரியாது.

வாசல் கேற் சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் அவர் முன்னால் போய் நின்றேன். ஓம் என்று சொல்ல உங்களுக்கு என்ன கேடு என்று கேட்கத்தான் போனேன். அவர் இரண்டாவது டாக்கோவைத் தின்றுகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், பசித்த பிள்ளை மாதிரி, விரலில் வடிந்த புளியையும் விடாமல். நான் ஒன்பது வருஷமாக எரிச்சல்பட்ட தட்டு அது. நான் இங்கே பருப்பைத் தின்றுகொண்டு, இவர் அங்கே இறைச்சி தின்கிறார் என்று நினைத்திருக்கிறேன். இரண்டு பேரும் பருப்புத்தான் தின்றிருக்கிறோம்.

"வெளியில ஒரு கடையில வாங்கித் திண்டிருக்கேலாதா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"ஒருநாள் கடை வாசல் மட்டும் போனனான்" என்றார். "றுமானாட முகம் வந்தது. திரும்பி வந்திட்டன்."

எனக்கு அவரை அடிக்கவும் வேண்டும் போலிருந்தது, அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் மிச்சம் நாலையும் அவர் தட்டில் வைத்தேன். "தின்னுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகவே சந்தைக்குப் போனேன். ஜெமீல் நானா என்னைக் கண்டதும் கத்தியைத் தானாகவே கீழே வைத்தார். வயிற்றுச் சதையைச் சுருட்டிப் பேப்பரில் கட்டி நீட்டினார். "இந்தாங்க புள்ள, முழுசு. என்ர கத்தி தொடவே இல்ல. வேலை சரிவந்ததா?"

"இல்ல நானா."

அவர் காசை வாங்க மறந்து நின்றார். நான்தான் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

ஒரு கிலோவுக்கு மூன்று தேசிக்காய். கணக்குக் கொப்பியில் றுமானா ஐந்தை வெட்டி மூன்று என்று எழுதினாள். ஊறவைத்தது அவர். சுட்டது நான். இந்தமுறை கோப்பையில் விரல் வைத்துத் தொட்டு, நாக்கில் வைத்து, "இப்ப சரி" என்று சொன்னதும் அவர்தான்.

திங்கட்கிழமை காலையில் பஸ் எடுக்கப் போகிறவரின் தோள் பைக்குள் பத்து டாக்கோக்களை வாழையிலையில் சுற்றி, பேப்பரில் கட்டி வைத்தேன். பாஸ்போட்டை அலுமாரிக்கு மேலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். வாசலில் நின்று அழக் கூடாது என்று முதல்நாளே எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அதனால் ஏசுகிற குரலிலேயே சொன்னேன்.

"கெமரா இல்லாத இடமாப் பாத்துத் தின்னுங்க."

"பஸ்ஸிலயே திண்டு முடிச்சிருவன்" என்றார்.

"ரெண்டையாவது அங்க போய்த் தின்னுங்க. புளி சரியா எண்டு சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. தட்டு இல்லை, தேசிக்காய் இல்லை. அவர் தங்குகிற காம்பில், கட்டிலில் விரித்த பேப்பர், அதில் காய்ந்த வாழையிலை, வேறு ஒன்றும் இல்லை. கீழே ஒரு வரி.

'இண்டைக்குத் திண்டது.'